பிள்ளைகளுக்கு ஒக்கியம் மடுவைக் காட்டப் போகிறீர்களா?

பாடப்புத்தகத்து ஓடை மலையிலிருந்து துள்ளிக் குதித்து வரும். தென்சென்னைப் பிள்ளைக்கு அது வாய்க்கவில்லை. அதற்கு வாய்த்தது ஒக்கியம் மடுவு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தேங்கும் தண்ணீரை ஓ.எம்.ஆர். சாலைக்கு அடியில் கடத்திக்கொண்டு போய் பக்கிங்ஹாம் கால்வாயில் விடும் சின்ன நீர்வழி. பஸ்ஸில் போனால் போனிலிருந்து தலையை நிமிர்த்துவதற்குள் தாண்டிவிடும். ஆனால் வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, செம்பாக்கம், மேடவாக்கம் என்று ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழைக்கு அதுதான் முக்கிய வாசல். அந்தப் பரப்பு முழுவதும் மடுவின் நீர்ப்பிடிப்புப் பகுதி. நீங்கள் அங்கே குடியிருந்தால் உங்கள் மொட்டை மாடியும் அதில் ஒரு துண்டு.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு சனிக்கிழமை காலை போதும். ஏனோதானோவென்று கூட்டிப்போனால் பிள்ளை கொட்டாவி விடும், இல்லையென்றால் காய்ச்சலோடு திரும்பும். அதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் முதல் சில வேலைகளை முடித்துவிடுங்கள். இன்றைக்கே தொடங்கலாம், வீட்டை விட்டு இறங்கக்கூட வேண்டாம். அடையாற்றுப் பக்கமோ, கோவையில் நொய்யல் பக்கமோ இருப்பவர்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

• மொட்டை மாடியில் தொடங்குங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பிள்ளை இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஆயிரம் சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 செ.மீ. மழை கொட்டினால் (நவம்பர் சென்னைக்கு இது புதிதில்லை) 9,300 லிட்டர். தெருவுக்கு வருகிற 9,000 லிட்டர் தண்ணீர் லாரியைக் காட்டி, “இவ்வளவும் நம்ம மாடியில இருந்து இறங்குது” என்று சொல்லுங்கள். அப்புறம் 250 சதுர கிலோமீட்டருக்கும் அதே 10 செ.மீ. மழைக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 2,500 கோடி லிட்டர் என்று வரும். சைபர்களை எண்ணுவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். மண் குடித்தது, ஏரியில் நின்றது போக மிச்சமெல்லாம் மடுவை நோக்கித்தான் நகரும்.

• மாடியிலிருந்து இறங்கும் பைப்பைப் பிடித்துக்கொண்டே போங்கள். அது மழைநீர் சேகரிப்புக் குழியில் விழுகிறதா, நேராகத் தெருவில் விழுகிறதா என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழி இருக்கும். அதற்குள் ஜல்லிக்குப் பதில் சேறும் சிமென்ட் பையும் இருக்கும். மூடியை நீங்கள் திறங்கள், பிள்ளை தள்ளி நின்று பார்க்கட்டும். அடைத்திருந்தால் இந்த வாரமே ஆள் வைத்துத் தூர் வாருங்கள். குழியில் இறங்கும் தண்ணீர் உங்கள் போர்வெல்லுக்கு லாபம், கீழே இருக்கும் தெருவுக்கு நிம்மதி.

• ஒரு காகிதத்தைக் கசக்கி அதன்மேல் மழை பெய்யவையுங்கள். கெட்டியான டிராயிங் பேப்பரை நன்றாகக் கசக்கி, பாதி மட்டும் பிரித்துத் தட்டில் வையுங்கள். உயர்ந்து நிற்கும் மடிப்புகளின்மேல் மட்டும் நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். பர்மனென்ட் மார்க்கர் வேண்டாம், அது கரையாது. இஸ்திரிக்கு வைத்திருக்கும் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மேட்டில் இருந்த நீலம் இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கி, சின்னச் சின்னக் கோடுகளாகச் சேர்ந்து, பள்ளத்தில் குட்டையாக நிற்கும். எந்த மேட்டில் பெய்தது எந்தக் குட்டைக்குப் போனது என்று விரலால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. செலவு ஒரு பேப்பர்.

• மேப்பில் ஏரிகளைக் கோத்துப் பாருங்கள். போனில் சாட்டிலைட் படத்தைத் திறந்து சேலையூரிலிருந்து ஆரம்பியுங்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணையில் வந்து சேரும் வரிசை இது. ஏரி நிரம்பியதும் மிச்சம் வழிகிற இடம் கலங்கல். ஒவ்வோர் ஏரிக்கும் கலங்கல் எங்கே, அதிலிருந்து கால்வாய் எந்தப் பக்கம் போகிறது என்று தேடச் சொல்லுங்கள். பாதி வழியில் கால்வாய் காணாமல் போய், அதன்மேல் தெருவோ அபார்ட்மென்ட்டோ நிற்கும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். ஏரியே கண்ணில் படாத ‘லேக் வியூ ரோடு’களையும் எண்ணச் சொல்லுங்கள், அது தனிப் பொழுதுபோக்கு.

• “கடல் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளையும் கிழக்கே கை காட்டும். சரிதான், சதுப்பு நிலத்திலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். ஆனால் நேராகப் போக வழி இல்லை. குறுக்கே கடலோர மணல்மேடு. மடுவின் தண்ணீர் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, கரைக்கு இணையாகத் தெற்கே நடந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கும். நிலமோ கடல்மட்டத்தை ஒட்டிய தட்டை, அதனால் வேகம் கிடையாது. அந்த நேரம் பார்த்துக் கடலில் ஏற்றம் இருந்தால் முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் வேளச்சேரியில் ஏன் முழங்கால் தண்ணீர் என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

• சதுப்பு நிலத்தை வேலி போட்ட பாதையிலிருந்து காட்டுங்கள். 200 அடி ரேடியல் சாலையை ஒட்டி வனத்துறையின் சூழல் பூங்கா இருக்கிறது. திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பறவையும் ஒதுங்கும், பிள்ளையும் சிணுங்கும். நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் ஆகியவற்றை அடையாளம் காண்பது சுலபம். குளிர்காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம் கிடைக்கும். 2007-இல் இந்தச் சதுப்பு நிலத்தில் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது, 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. இவற்றை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பறவைக்குத் திரும்புங்கள். பிள்ளை ஞாபகம் வைத்துக்கொள்ளப்போவது பறவையின் நீல நிறத்தைத்தான்.

• பெருங்குடிக் குப்பைமேட்டையும் காட்டுங்கள். வண்டியை விட்டு இறங்க வேண்டாம், கண்ணாடி வழியாகப் போதும். நேற்று வீட்டு வாளியில் போட்ட சிப்ஸ் கவர் போன்றவை பல்லாண்டுக் காலம் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பிள்ளை பார்க்க வேண்டும். சதுப்பு நிலத்தின்மேலேயே கொட்டிக் கொட்டி எழுப்பிய மேடு அது. 2022 ஏப்ரல் இறுதியில் அங்கே பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலையும் அங்கே தொடங்கப்பட்டது. பார்த்துவிட்டு வந்த சூட்டோடு வீட்டில் மக்கும் குப்பைக்குத் தனி வாளி வைத்துவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் நடக்காது.

• மழையை வீட்டிலேயே அளக்கச் சொல்லுங்கள். வாயும் அடியும் ஒரே அகலத்தில் இருக்கும் கண்ணாடி ஜாடியை மாடியில் திறந்தவெளியில், விழாதபடி செங்கல் முட்டுக்கொடுத்து வையுங்கள். வாய் குறுகிய ஹார்லிக்ஸ் பாட்டிலும், மேலே விரிந்த எவர்சில்வர் டம்ளரும் தப்புக் கணக்கு காட்டும். தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டு அளந்து, காலண்டரில் எழுதி, ஜாடியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். வானிலை மையமும் எட்டரை மணிக்குத்தான் நாளை முடிக்கிறது என்பதால் பேப்பரில் வரும் மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் அளவோடு ஒப்பிடலாம். ஒரே ஊரில் இரண்டு இடத்தில் மழை எவ்வளவு வேறுபடும் என்று பார்த்துப் பிள்ளை வாயைப் பிளக்கும். கொசு முட்டையிடும், ஆகவே தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்.

• தெருவில் நெடுநாள் இருக்கிற பெரியவரிடம் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எதுவரை வந்தது, எந்தத் திசையிலிருந்து முதலில் ஏறியது என்ற மூன்று கேள்வி போதும். அவர் கை காட்டும் உயரத்தை வாசல் கேட்டருகே சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரங்களை எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

• உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பாதாளச் சாக்கடைக்கா, மழைநீர் வடிகாலுக்கா? இரண்டும் வேறு வேறு குழாய். வெயில் நாளில், மழையே இல்லாதபோது வடிகாலில் நுரையோடு தண்ணீர் ஓடினால் யாரோ திருட்டு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அது நீங்களாகவும் இருக்கலாம், பில்டர் செய்து வைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்களுடையதை முதலில் சரிசெய்யுங்கள். தெருவில் ஓடுவதற்கு மாநகராட்சியின் 1913-க்குப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். புகார் எண்ணைப் பிள்ளை குறித்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் கழித்து “என்னப்பா ஆச்சு?” என்று உங்களைவிட அது விடாமல் கேட்கும்.

• வெளியே கிளம்பும்போது மூடிய ஷூ, முழு பேன்ட், குடிதண்ணீர், சோப்பு. திரும்பியதும் கை கால் கழுவின பிறகுதான் தின்பண்டம்.

• மே மாதத்தில் அதே இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போங்கள். நவம்பரில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு மடுவு என்றால் வெள்ளம், மேயில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு அது வெறும் காலி மனை. காலி மனை என்று நினைத்துத்தான் பெரியவர்கள் அதைப் பங்கு போட்டார்கள்.

செய்யக்கூடாதவை

• வெள்ளம் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளோடு கிளம்பாதீர்கள். மழை விடுமுறை விட்டதும் கரையில் கூட்டம் சேரும், செல்ஃபி நடக்கும். ஓடுகிற தண்ணீர் அரையடி இருந்தாலே பெரியவர்களின் காலை வாரிவிடும், ஓரடி இருந்தால் சின்ன காரையே நகர்த்தும். டி.வி.யில் காட்டுங்கள்.

• “இங்கே மழையே இல்லையே” என்று நம்பாதீர்கள். மலையோரத்து ஓடைகளில் இந்த நம்பிக்கைதான் ஆளை விழுங்குகிறது. பழைய குற்றாலத்தில் 2024 மே 17-ஆம் தேதி, குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் திடீர் வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவனின் உயிர் போனது. மழை பெய்தது மேலே, மலையில். அருவியின் நீர்ப்பிடிப்புப் பகுதி அங்கேதான் இருக்கிறது, நாம் நிற்கும் இடத்தில் இல்லை. தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். பள்ளிக்கரணை மாதிரி தட்டை நிலத்தில் வெள்ளம் இப்படிப் பாயாது, மெல்ல ஏறி நாள்கணக்கில் உட்காரும். அங்கே ஆபத்து வேறு ரகம், அடுத்த இரண்டையும் படியுங்கள்.

• அடி தெரியாத தண்ணீரில் நடக்க விடாதீர்கள். தெருவில் தேங்கிய தண்ணீருக்குக் கீழே மூடி இல்லாத மேன்ஹோல் இருக்கலாம், வடிகாலுக்கு வெட்டிய பள்ளம் இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கையில் கம்பு வைத்து ஒவ்வோர் அடியாகத் தட்டிப் பார்த்துப் போங்கள்.

• இ.பி. பாக்ஸ், விளக்குக் கம்பம், ஸ்டே கம்பி எதன் பக்கத்திலும் தேங்கிய தண்ணீரில் நிற்காதீர்கள். தொட வேண்டும் என்றுகூட இல்லை, தண்ணீரே கடத்தும்.

• வெள்ளத் தண்ணீரில் நனைந்த பிறகு வரும் காய்ச்சலை ‘மழைக் காய்ச்சல்’ என்று விட்டுவிடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வரலாம். டாக்டரிடம் போனதும் “பிள்ளை வெள்ளத் தண்ணியில நடந்தான்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால் சரியான திசையில் தேடுவார்.

• கல்குவாரிக் குட்டை பக்கம் போகவே போகாதீர்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று புறநகருக்குப் போனால் பாறைகளுக்கு நடுவே பச்சையாக, அமைதியாகத் தண்ணீர் நிற்கும். குளத்துக்குப் படி உண்டு, சரிவு உண்டு. குவாரிக்கு இரண்டும் கிடையாது, ஓரத்திலிருந்து ஒரே செங்குத்து. நீச்சல் தெரிந்த பையன்களும் அதில் மூழ்கியிருக்கிறார்கள்.

• சதுப்புக்குள் கால் வைக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அதை விடுங்கள், மேலே புல் மாதிரி தெரிவது கோரையும் ஆகாயத்தாமரையும், கீழே இடுப்பளவு சேறு. கண்ணாடி விரியனுக்குப் பேர்போன இடமும்கூட.

• பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடி ஓடாதீர்கள். பிள்ளையை அசையாமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறீர்கள் என்பது மட்டும்தான் கணக்கு.

• தண்ணீர் மாதிரி எடுக்கிறோம் என்று பிள்ளைகளை வெறுங்கையால் பாட்டில் முக்க விடாதீர்கள். நீங்கள் கையுறை போட்டு, கயிற்றில் கட்டிய வாளியால் எடுங்கள். நிறம், வாடை, அடியில் படியும் மண் இந்த மூன்றைப் பார்த்தாலே ஒரு மணி நேரம் பேசலாம்.

• “சாக்கடை” என்று சொல்லாதீர்கள். பிள்ளை நீங்கள் சொன்ன பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும், அப்புறம் ஐஸ்கிரீம் கப்பை அதில் வீசும்போது நீங்கள் கண்டிக்க முடியாது. மடுவு மடுவுதான். அதில் சாக்கடையைக் கலந்தது நாம்.

• குடிசைக்காரர்களைக் காட்டி “இவங்கதான் ஆக்கிரமிச்சுட்டாங்க” என்று பாடத்தை முடிக்காதீர்கள். அது பொய். சதுப்பு நிலத்தையும் அதன் ஓரத்தையும் தின்றதில் 200 அடி சாலை உண்டு, ரயில் பாதை உண்டு, அரசு நிறுவனங்களின் வளாகங்கள் உண்டு, ஐ.டி. கட்டடங்கள் உண்டு, நகரத்தின் குப்பை உண்டு. பட்டாவோடு கட்டிய அபார்ட்மென்ட்டும் உண்டு, ஒருவேளை உங்களுடையதே. பிள்ளை “அப்ப நம்ம வீடு?” என்று கேட்டால் மழுப்பாதீர்கள். வருவாய்த்துறை ஆவணத்தில் அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது, ஏரியா, கழுவெளியா (சதுப்பு), மேய்க்காலா (மேய்ச்சல் நிலம்) என்று சேர்ந்தே தேடிப் பாருங்கள். புது மனை வாங்க அட்வான்ஸ் கொடுக்க இருப்பவர்கள் இதைப் பிள்ளைக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே செய்யுங்கள்.

• மீன்தொட்டி மீனையும் ஆமையையும் ஏரியில் விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் சக்கர் மீன் ஏரிக்குப் போனால் நம் ஊர் மீனுக்கு இடமில்லாமல் பெருகும், வலையில் சிக்கினால் விலை போகாது, முள்ளால் வலையையும் கிழிக்கும். வேண்டாமென்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

• சமையல் எண்ணெய், வண்டி ஆயில், பெயின்ட் பிரஷ் கழுவிய தண்ணீர் எதையும் தெரு வடிகாலில் ஊற்றாதீர்கள். வடிகாலுக்கு நடுவில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது, நேராக மடுவு, நேராகக் கால்வாய். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்களின் படகும் வலையும் என்ன ஆனது என்று பழைய செய்திப் படங்களைக் காட்டுங்கள், பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

• பெருக்கிய குப்பையை வடிகால் ஓட்டைக்குள் தள்ளாதீர்கள், தள்ளுகிறவர்களைப் பார்த்துக்கொண்டும் நிற்காதீர்கள். முதல் மழையில் உங்கள் வாசலில்தான் தேங்கும்.

• பறவைக்குப் பிரெட், பொரி போடாதீர்கள். அதற்கு வேண்டியது சேற்றில் இருக்கிறது.

• ஆசிரியராக இருந்தால் ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தலைப்புக் கொடுத்து ஓவியப் போட்டியோடு முடித்துவிடாதீர்கள். போன வருடம் வரைந்த அதே நீல பூமி, அதே கண்ணீர்த்துளி வந்து சேரும். பதிலாக, பள்ளிக் கூரையில் விழும் மழை எந்த வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்று வரைபடம் போடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று அதிலேயே சிவப்பில் குறிக்கச் சொல்லி, அதன் ஜெராக்ஸை வார்டு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.